ஈசிஜி எடுப்பதற்கு முன்னால்

1

இந்தக் கதையில் வருகிற கணவன் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் எங்கேயாவது வைத்துத் திருப்பம் மாதிரி அவிழ்த்துவிட்டால் நான் பெரிய கெட்டிக்காரன் என்று உங்களுக்குத் தோன்றிவிடும். இந்த விஷயத்தில் நான் கெட்டிக்காரனாக நடந்துகொள்ளவில்லை.

கதை கிடைத்த இடம் எங்கள் வீட்டு மாடிப்படி. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், ஆம்புலன்ஸில் வேலை பார்க்கிற ஒரு பெண் சீருடை இல்லாமல் வந்து, மூன்றாவது படியில் உட்கார்ந்து, ஒன்றேகால் மணி நேரம் பேசினாள். அவள் என்னைப் பார்க்க வரவில்லை. என் மனைவியைப் பார்க்க வந்தாள். மனைவி வேலைக்குப் போயிருந்தாள்; கேட்பதற்கு நான்தான் இருந்தேன். இனி அந்தப் பெண்ணின் மனதுக்குள் ஓடியது என்று நான் எழுதுவதில் பாதி அவள் சொன்னது, பாதி என் ஊகம். எது எது என்று பென்சிலால் குறி போட்டுக்கொண்டே வந்தேன். மூன்றாம் பக்கத்தில் எனக்கே குழம்பிவிட்டது. குறிகளை அழித்துவிட்டேன்.

தொழிலில் நான் பிழை திருத்துகிறவன். பாடப்புத்தகம் அச்சடிக்கும் இடத்தில், அடுத்தவர் எழுத்தில் ஒற்று எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று தேடுவது என் வேலை. சொந்தமாக எழுதி நாளாயிற்று. அதனால் தொடக்கத்திலேயே தடுமாறினேன்:

"நீச்சல் குளத்தின் தண்ணீர் அன்று காலை அசையாமல்..." (விட்டுவிட்டேன். அன்று காலை நான் அங்கே இல்லை.)

"மனித இதயம் என்பது..." (ஏழாம் வகுப்புப் பாடம் மாதிரி இருக்கிறது.)

"அவளைத் தண்ணீரில் இறங்கச் சொன்னது யார் என்றால்..." (இந்த வாக்கியத்தை முடிக்க மூன்று நாள் முயன்றேன். கொஞ்சம் தள்ளிப்போடுகிறேன்.)

அந்தப் பெண்ணிடமிருந்தே ஆரம்பிக்கிறேன். அவளைப் பற்றி எழுதும்போது எதையும் தள்ளிப்போட வேண்டியதில்லை.

2

ஆம்புலன்ஸ் நிலையத்தில் அவளை எல்லோரும் 'அரை நிமிஷம்' என்றுதான் கூப்பிடுவார்கள். காலை முறித்துக்கொண்டு கத்துகிறவரிடமும் "அரை நிமிஷம் பொறுங்க" என்பாள். டீக்குக் கூப்பிடுகிறவரிடமும் அதையேதான் சொல்வாள். முப்பத்து மூன்று வயது. ஒன்பது வருஷமாக வண்டியின் பின்பக்கம் அவளுடைய இடம். முன்பக்கம் ஓட்டுநர் அண்ணன். எவ்வளவு அவசரமானாலும் வேகத்தடையில் நோயாளியின் முதுகு தெரிந்து ஓட்டுகிற மனிதர்.

நான்கைந்து மாதத்துக்கு முன் அவர்கள் நிலையத்துக்கு ஒரு ஆய்வு வந்தது. ஆய்வை நடத்துகிற டாக்டர் ஒரு பெட்டியோடு வந்து, அதிலிருந்து ஒரு சாண் நீள வெள்ளைப் பிளாஸ்டிக் குழாயை எடுத்துக் காட்டினார். ஒரு முனையில் வாய் வைக்க இடம். உள்ளே ஒரு சின்ன அடைப்பு. போதுமான வேகத்தில் ஊதினால்தான் அது திறந்து காற்றை விடும்.

"இவ்வளவுதானா டாக்டர்? திருவிழாக் கடை பீப்பி மாதிரி இருக்கு," என்றார் ஓட்டுநர் அண்ணன்.

"இவ்வளவேதான்," என்றார் டாக்டர். அன்றிலிருந்து அதற்குப் பெயர் பீப்பி.

விஷயம் இதுதான். சிலருக்கு இதயத்தில் மின்சாரம் போகும் பாதை ஒன்று கூடுதலாக இருக்கும். என்றாவது ஒருநாள் மின்சாரம் அந்தக் குறுக்குவழியில் புகுந்து சுற்ற ஆரம்பித்தால், எழுபது எண்பது என்று அடித்துக்கொண்டிருந்த இதயம் சட்டென்று இருநூறைத் தொடும். பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் அனுபவிக்கிறவருக்கு உயிர் போவது மாதிரிதான் இருக்கும். வாயை மூடி முக்கி ஊதினால் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குக் கடிவாளம் போடுகிற நரம்பு விழித்துக்கொள்ளும். இது பழைய வைத்தியம். ஆனால் எவ்வளவு பலமாக ஊத வேண்டும் என்று யாருக்கும் பிடிபடுவதில்லை. பீப்பி அந்தப் பலத்தைத் தானே அளந்து வாங்கிக்கொள்ளும். பதினைந்து விநாடி ஊதல். உடனே படுக்க வைத்து, கால்களைப் பதினைந்து விநாடி தூக்கிப் பிடித்தல்.*

பீப்பி உண்மையில் உதவுகிறதா என்று பார்ப்பதுதான் ஆய்வு. ஒரு மாதம் வண்டியில் பீப்பி இருக்கும்; அடுத்த மாதம் இருக்காது, பழைய மாதிரி மூச்சைப் பிடித்து முக்கச் சொல்ல வேண்டும். கடைசியில் இரண்டையும் ஒப்பிடுவார்கள். டாக்டர் ஒரு தாளைச் சுவரில் ஒட்டினார். அதில் ஒரு வரி மட்டும் சிவப்பில் இருந்தது: முதலில் ஈசிஜி. பிறகு ஊதல். பிறகு மறுபடி ஈசிஜி.

"முதல் தாள் இல்லாம ஊத வைக்கவே கூடாது," என்றார் டாக்டர். "வேகமா அடிக்கிற எல்லா இதயமும் ஒண்ணு கிடையாது. எதுன்னு தெரியாம கை வைக்கக் கூடாது. அதோட, முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு தாள் இல்லன்னா, பின்னாடி சரியாச்சுன்னு எதை வச்சுச் சொல்றது?"

அரை நிமிஷம் தலையாட்டினாள். பயிற்சியில் எல்லோரையும்விட நன்றாகச் செய்தாள். பிறகு காத்திருந்தாள். முதல் பீப்பி மாதத்தில் அப்படி ஒரு நோயாளிகூட வரவில்லை. அடுத்தது பீப்பி இல்லாத மாதம். மூன்றாவது மாதம், சீருடைப் பையில் ஒரு பீப்பியைத் தயாராக வைத்துக்கொண்டே சுற்றினாள்.

"யாருக்காவது நெஞ்சு படபடன்னு அடிக்கணும்னு வேண்டிக்கிறியா?" என்று ஓட்டுநர் அண்ணன் கிண்டல் செய்தார்.

"சீச்சீ," என்றாள். என்னிடம் இதைச் சொன்னபோது, "வேண்டிக்கல சார். ஆனா எதிர்பார்த்தேன்," என்றாள்.

* பதினைந்தும் பதினைந்தும் அரை நிமிஷம். அவள் பட்டப்பெயருக்காக நான் செய்த ஜோடனை இல்லை இது. பெயர் முந்தியது, பீப்பி பிந்தியது.

3

இனி மனைவி. இவளைப் பற்றி எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்பது ஒரு குழப்பம். எழுதாமல் கதை நகராது என்பது இன்னொன்று.

அவள் நீச்சல் பயிற்சியாளராக இருந்தாள். தண்ணீரைக் கண்டால் அலறுகிற பிள்ளைகளை மூன்றே வாரத்தில் மிதக்க வைப்பாள். பதினோரு வருஷத்துக்கு முன் ஒருநாள் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "உள்ள என்னமோ அவுத்து விட்ட மாதிரி ஓடுதுங்க," என்றாள். பத்து நிமிஷம். ஆட்டோ பிடித்து டாக்டர் வாசலுக்குப் போவதற்குள் நின்றுவிட்டது. ஈசிஜி சுத்தமாக இருந்தது.

அதற்கப்புறம் வருஷத்துக்கு நான்கைந்து முறை வந்தது. ஒவ்வொரு முறையும் தாள் எடுப்பதற்குள் ஓடிவிடும். முதல் டாக்டர் பதட்டம் என்றார். இரண்டாமவர் தூக்கம் போதவில்லை என்றார். மூன்றாமவர் அவளிடம் பேசவே இல்லை. என்னைப் பார்த்து, "வீட்ல ஏதாவது மனக்கஷ்டமா?" என்றார். நான் இல்லை என்றேன். வெளியே வந்ததும் அவளிடம், "உனக்கு எதையும் மனசுல போட்டு உழப்பிக்கிற சுபாவம்," என்றேன்.

நான்கு வருஷத்துக்கு முன் தண்ணீருக்குள்ளேயே வந்தது. பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கரையேற்றி, கடைசிப் பிள்ளையின் தலையைத் துவட்டிவிட்டு, அங்கேயே ஈரத்தில் படுத்துவிட்டாள். மறுநாள் டிக்கெட் கவுண்டருக்கு மாற்றிக்கொண்டாள். நீச்சல் சொல்லிக் கொடுக்கிறவளுக்கே தண்ணீர்ப் பயம் வந்துவிட்டது என்று அங்கே பேசிக்கொண்டார்கள். வீட்டிலும் ஒருவன் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தான்.

(அவனை இந்த இடத்தில் நான்கு முறை மாற்றி எழுதிவிட்டேன். ஒரு வரைவில் அவனை வெளியூரில் வேலை பார்க்க வைத்தேன். இன்னொன்றில் அவன் மனைவியை நம்புகிறான், ஆனால் டாக்டர்கள் முன் வாயில்லாதவன். வாசிக்க நன்றாகத்தான் இருந்தது. அப்படி ஒருவனோடு அவள் பதினோரு வருஷம் வாழ்ந்திருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.)

சரி, அந்த வாக்கியம். அவளைத் தண்ணீரில் இறங்கச் சொன்னது நான். ஆம்புலன்ஸ் வந்த அன்று காலை சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே சொன்னேன்: "பயத்தைப் போக்க ஒரே வழி இறங்கிடறதுதான். இன்னைக்கு இறங்கு. என்னதான் ஆகுதுன்னு பார்த்துடலாம்."

பார்த்துடலாம். பன்மை. நான் அலுவலகத்தில் இருந்தேன்.

4

காலை பத்து மணிக்குமேல் குளத்தில் ஆள் இருக்காது. தண்ணீரைச் சுத்தம் செய்கிற இடைவேளை. என் மனைவி கவுண்டரைப் பூட்டிவிட்டு, நான்கு வருஷமாகத் தொடாத நீச்சல் உடையைப் போட்டுக்கொண்டு இறங்கினாள். இரண்டு முறை அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் போய்வந்தாள். மூன்றாவது முறை நடுக்குளத்தில் அது வந்தது. எப்படியோ கம்பியைப் பிடித்து ஏறிவிட்டாள். குளத்துக் காவலர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். அவரே எனக்கும் போன் செய்தார்.

அரை நிமிஷம் உள்ளே வந்தபோது என் மனைவி பெண்கள் உடை மாற்றும் அறையில், நீளப் பெஞ்சில், ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. அரை நிமிஷம் மண்டியிட்டுக் கையைப் பிடித்தாள். நாடியை எண்ண முடியவில்லை. விரலுக்கடியில் ஒரே அதிர்வாக இருந்தது. நிமிர்ந்து கழுத்தைப் பார்த்தாள். தவளையின் தொண்டை மாதிரி துடித்துக்கொண்டிருந்தது. விரலில் துடிப்பை எண்ணும் கிளிப்பை மாட்டினாள். நூற்றுத் தொண்ணூற்றாறு.

இதுதான் அது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அக்கா, இதுக்கு முன்னாடி இப்படி வந்திருக்கா?"

"பதினோரு வருஷமா," என்றாள் என் மனைவி. பேச மூச்சு போதவில்லை. "யாரும்... நம்ப மாட்டேங்கறாங்க."

ஈசிஜி ஸ்டிக்கர்களை எடுத்து ஒட்டினாள். தோலில் ஈரம். ஒட்டவில்லை. துண்டால் துடைத்தாள், துண்டும் ஈரம். தலைமுடியிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. அடுத்த செட்டைப் பிரித்தாள். இரண்டு ஒட்டி, இரண்டு நழுவி விழுந்தன. திரையில் குழந்தை கிறுக்கிய மாதிரி கோடுகள். "அண்ணே, வண்டியில இருந்து காஞ்ச பஞ்சு, புது ஸ்டிக்கர், ஓடுங்க!" ஓட்டுநர் அண்ணன் ஓடினார். வண்டி வாசலில் நின்றது. போய்வர இரண்டு நிமிஷம் ஆகும்.

"கண்ணு இருட்டுது," என்றாள் என் மனைவி.

பீப்பி அவள் பையில்தான் இருந்தது.

(இங்கே நான் நீண்ட நேரம் நின்றேன். அவள் ஏன் அதை எடுத்தாள்? கதாசிரியனாக எனக்கு ஒரு காரணம் போதும். அவள் எனக்கு இரண்டு கொடுத்தாள். "மயங்கிடுவாங்கன்னு பயந்து குடுத்தேனா, பீப்பி எப்படி வேலை செய்யுதுன்னு பார்க்கிற ஆசையில குடுத்தேனா, இப்பவும் எனக்கே தெரியல சார். ரெண்டையும் பிரிச்சு எடுக்க முடியல." நானும் பிரித்துப் பார்த்தேன். வரவில்லை.)

உறையைக் கிழித்தாள். "அக்கா, இதை வாயில வச்சு ஊதுங்க. பலூன் ஊதற மாதிரி இல்ல. அடைச்ச குழாயை ஊதித் திறக்கற மாதிரி. நான் பதினஞ்சு எண்ணற வரைக்கும் விடாதீங்க. ஒண்ணு, ரெண்டு..."

ஏழில் என் மனைவியின் முகம் சிவந்தது. பன்னிரண்டில் கண்ணோரம் நரம்பு புடைத்தது. பதினைந்து. "படுங்க!" பெஞ்சில் சாய்த்து இரண்டு கால்களையும் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். திரையில் நூற்றுத் தொண்ணூற்றாறு. நூற்றுத் தொண்ணூற்றைந்து. பிறகு எண்ணே இல்லை, வெறும் கோடு. அவள் கால்களை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு எண்பத்தெட்டு.

என் மனைவி கண்ணை அகலத் திறந்தாள். "நின்னுடுச்சு."

"எது அக்கா?"

"அதுதான். அது."

அந்தப் பெண்ணுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. ஒன்பது வருஷத்தில் கையில் மருந்தில்லாமல், ஊசியில்லாமல், கண் முன்னால் ஒருவரை இப்படி மீட்டதில்லை. என் மனைவியும் சிரித்தாள். ஓட்டுநர் அண்ணன் பஞ்சோடு மூச்சிரைக்க வந்தார். தோலை நன்றாகத் துடைத்தார்கள். இப்போது ஸ்டிக்கர்கள் ஒட்டின. தாள் வந்தது. அழகான, ஒழுங்கான, எந்தக் குறையுமில்லாத தாள்.

என் மனைவி அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். பதினோரு வருஷம் ஈசிஜி பார்த்துப் பழகிய கண்.

"முன்னாடி எடுத்தது எங்க?"

அரை நிமிஷம் குனிந்து, நழுவி விழுந்த ஸ்டிக்கர்களைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

"முன்னாடி எடுக்கலையா?"

"ஒட்டலக்கா. ஈரம்..."

"அப்ப எதுக்கு நிறுத்துனீங்க?" கத்தவில்லை. கெஞ்சுவது மாதிரி கேட்டாள். "பதினோரு வருஷமா கையில சிக்காம ஓடுதுங்க. இன்னைக்குத்தான் வசமா மாட்டுச்சு. இன்னும் ரெண்டு நிமிஷம் தாங்கியிருப்பேனே. கேட்டிருக்கலாமில்ல?"

உயிரைக் காப்பாற்றியதாக நினைத்தவளிடம், காப்பாற்றப்பட்டவள் ஏன் காப்பாற்றினாய் என்று கேட்கிறாள்.

அப்போதுதான் நான் வந்தேன். பெண்கள் அறை என்பதால் வாசலிலேயே நின்றேன். ஓட்டுநர் அண்ணன் தாளைக் காட்டினார். மேலே இயந்திரமே அச்சடித்திருந்தது, இயல்பு என்று. அச்சில் இருப்பதை நம்பிப் பழகியவன் நான்.

"பார்த்தியா, நார்மல்னு போட்டிருக்கு," என்றேன். "பயந்துட்ட. அவ்வளவுதான்."

என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. அரை நிமிஷத்தின் கையைப் பிடித்தாள். "நீங்க சொல்லுங்க. நீங்க பார்த்தீங்கல்ல?"

அரை நிமிஷம் நிலையத்துச் சுவரில் ஒட்டியிருந்த சிவப்பு வரியை நினைத்தாள். பார்த்தேன் என்று சொன்னால் அடுத்த கேள்வி, பார்த்தும் ஏன் தாள் எடுக்கவில்லை என்பதாக இருக்கும். "விரல் கிளிப் ஈரத்துல தப்பாக்கூடக் காட்டும்க்கா," என்றாள். "ஆஸ்பத்திரியில டாக்டர் பார்த்துச் சொல்லுவாங்க."

அது பொய்யில்லை. ஈரத்தில் அது தப்பாகக் காட்டும்தான். என் மனைவி கையை விட்டுவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் மனதுக்கு அமைதி தரும் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

5

ஆய்வுப் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது: ஊதுவதற்கு முன் ஈசிஜி, ஆம் / இல்லை. அரை நிமிஷம் அந்தப் படிவத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். ஆறு நாள் அது அங்கேயே கிடந்தது.

"ஒரு ஃபார்ம்தானே தங்கச்சி, கிழிச்சுப் போடு," என்றார் ஓட்டுநர் அண்ணன். "அவங்க நல்லாத்தான் இருக்காங்க. என்ன கெட்டுப்போச்சு?"

"என்ன கெட்டுப்போச்சுன்னுதாண்ணே எனக்கும் புரியல."

ஏழாம் நாள் டாக்டர் வந்து பீப்பிகளை எண்ணிப் பார்த்தார். ஆறு கொடுத்ததில் ஐந்து இருந்தது. "ஒண்ணு எங்க?" கீழே விழுந்து அழுக்காகிவிட்டது என்று சொல்லத் தயாராக வைத்திருந்தாள். வாயைத் திறந்தபோது நடந்ததெல்லாம் வந்துவிட்டது.

டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும் என்றாள் என்னிடம்.

"இந்தக் கேஸை நான் கணக்குல எடுத்துக்க முடியாது," என்றார்.

"பீப்பியாலதான் நின்னுச்சு டாக்டர். நான் பார்த்தேன்."

"தானாகூட நின்னிருக்கலாம். பதினோரு வருஷமா தானாத்தானே நின்னிருக்கு?"

அந்த ஒரு காலையை, அதே பெஞ்சில், அதே ஆளை வைத்து, பீப்பி இல்லாமல் இன்னொரு முறை நடத்திப் பார்த்தால்தான் தெரியும். அது முடியாது. அதற்குத்தான் ஆய்வே, நூறு பேர் இப்படி, நூறு பேர் அப்படி. கதைக்கு அந்த வசதி இல்லை. ஒரே ஒரு காலைதான்.

"சரி, அவங்க?" என்றாள்.

"யாரு?"

"அந்த அக்கா. அவங்கள யாரு நம்புவாங்க?"

டாக்டர் பீப்பிப் பெட்டியை மூடி வைத்தார். "இதயத் துடிப்புக்குன்னு தனி டாக்டர் இருக்காங்க. கண்ணால பார்த்த ஒருத்தர், என்ன பார்த்தேன்னு எழுதிக் குடுத்தாலே அவங்க மேல கொண்டு போவாங்க. ஆனா..."

"ஆனா எழுதினா, ஈசிஜிக்கு முன்னாடி ஏன் குடுத்தன்னு என்னைக் கேப்பாங்க."

"கேப்பாங்க," என்றார் டாக்டர்.

அவள் எழுதினாள். ஒரு பக்கம். அதை எடுத்துக்கொண்டுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை எங்கள் படியில் உட்கார்ந்திருந்தாள். என் மனைவி வரும்வரை இருக்க முடியவில்லை, வேலைக்கு நேரமாகிவிட்டது. "அக்காகிட்ட குடுத்துடுங்க சார்," என்று என் கையில் கொடுத்தாள். இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பினாள். "வெள்ளிக்கிழமை விசாரணைக்கு வரச் சொல்லியிருக்காங்க."

நான் "ஓ" என்றேன்.

(இந்த இடத்தில் அந்த ஆளுக்கு இதைவிட நல்ல வசனமாக ஏழெட்டு எழுதிப் பார்த்தேன். அவன் சொன்னது "ஓ"தான்.)

6

அவள் எழுதியிருந்தது:

"விரல் கிளிப்பில் 196 பார்த்தேன். கழுத்து நரம்பு துடித்ததைப் பார்த்தேன். ஈசிஜி எடுப்பதற்கு முன்னால் ஊத சொன்னேன், அது என் தவறு. ஊதி முடித்ததும் படிப்படியாக இல்லாமல் ஒரே அடியாக 88க்கு வந்தது. பயத்தில் வரும் படபடப்பு இப்படி ஒரே அடியாக இறங்கி நான் பார்த்ததில்லை. நோயாளி என்னிடம் கேட்டபோது இதை சொல்லாமல் விட்டேன். அதுவும் என் தவறு."

இரண்டு ஒற்றுப்பிழை இருந்தது. திருத்தவில்லை.

இனி கணவன் என்ன செய்தான் என்று எழுத வேண்டும். ஒரு முடிவில், மனைவி வீடு திரும்பியதும் தாளை நீட்டி, "என்னை மன்னிச்சிடு," என்கிறான். இன்னொன்றில், சொல்லக் கூச்சப்பட்டு அவள் தலையணைமேல் வைத்துவிட்டுப் போகிறான். இரண்டாவதை மிகவும் ரசித்து எழுதினேன். தலையணை உறையில் பூவேலைகூடப் போட்டேன்.

நடந்தது வேறு. அலுவலகத்தில் என் மேசை இழுப்பறையில், அச்சுக்குப் போகாத பக்கங்களுக்கு அடியில் அதை வைத்தேன். ஒன்பது நாள். ஏன் என்று என்னைக் கேட்டால், அரை நிமிஷம் மாதிரி எனக்கும் காரணம் பிரிக்க வரவில்லை. அந்தத் தாள் உண்மையானால், இதயத்தில் கோளாறு உள்ளவளைப் பிடித்துத் தண்ணீரில் இறக்கியவன் நான். பதினோரு வருஷமாகப் பக்கத்தில் இருந்து இல்லை இல்லை என்று சொன்னவனும் நான். அந்தத் தாள் வெளியே வராதவரை நான் வெறும் சாதாரணக் கணவன்.

அந்த ஒன்பது நாளில் அவளுக்கு இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் அவள் என்னைக் கூப்பிடவில்லை. சமையலறைச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். நான் தண்ணீர் கொடுத்தேன். எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது.

பத்தாம் நாள் கொடுத்தேன். "இன்னைக்குத் தபால்ல வந்துச்சு," என்றேன்.

அவள் நின்றுகொண்டே இரண்டு முறை படித்தாள். மறுநாள் தனியாகப் போய் இதயத் துடிப்பு டாக்டரைப் பார்த்தாள். அவர் தாளை வாங்கி வைத்துக்கொண்டு, நெஞ்சில் ஒரு சின்னப் பதிவுக் கருவியை இரண்டு வாரத்துக்கு ஒட்டி அனுப்பினார். பதினோராம் நாள், கவுண்டரில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தபோது அது வந்தது. நாற்பது நிமிஷம். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. இந்த முறை அவள் எதுவும் செய்யாமல், ஓடட்டும் என்று, டிக்கெட் கொடுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாளாம்.

தொடை ரத்தக்குழாய் வழியாக ஒரு கம்பியை அனுப்பி அந்தக் குறுக்குவழியைச் சுட்டு அடைத்துவிடலாம் என்றார்கள். அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "அது பயம் இல்லையாம்."

அவ்வளவுதான் சொன்னாள். நான் என்னென்னவோ எதிர்பார்த்து நின்றுகொண்டிருந்தேன்.

தபால் என்று சொன்னது பொய் என்பதை மட்டும் நான் இன்னும் சொல்லவில்லை. நேரில் சொல்ல நான்கு முறை வாயெடுத்தேன். முடியாமல்தான் கதையாக எழுத ஆரம்பித்தேன்.

7

மேலே உள்ள ஆறு பகுதிகளையும் இன்று மதியம் சாப்பிட்டு முடித்ததும் அவள் கையில் கொடுத்தேன். "என்னது?" என்றாள். "படிச்சுப் பாரு," என்றேன். ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தாள். நான் அடுத்த அறையில் இந்த ஏழாவதை எழுதிக்கொண்டிருந்தேன். அவள் அழுவாள், அல்லது தாள்களை என் முகத்தில் வீசுவாள், அல்லது சிரித்துவிடுவாள் என்று மூன்று முடிவுகள் கைவசம் வைத்திருந்தேன். மூன்றுக்கும் முதல் வரி எழுதியாயிற்று.

தாள் புரளும் சத்தம் நின்றது. எழுந்து வந்தாள். வாசல் நிலையில் கை வைத்து நின்றாள்.

"வெள்ளிக்கிழமை என்ன ஆச்சு?"

"எந்த வெள்ளிக்கிழமை?"

"அந்தப் பொண்ணுக்கு விசாரணைன்னு எழுதியிருக்கீங்களே. வேலை இருக்கா, போயிடுச்சா?"

எனக்குத் தெரியவில்லை. அந்த வெள்ளிக்கிழமை போய் ஆறு வாரத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் பெண்ணின் மனதுக்குள் என்னென்ன ஓடியது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். இந்த ஒன்றைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

"தெரியாது," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அதை என்ன பார்வை என்று எழுதுவது? கோபம் என்று எழுதினேன், அடித்தேன். இரக்கம் என்று எழுதினேன், அதையும் அடித்தேன்.

"தபால்னு சொன்னது..." என்று ஆரம்பித்தேன்.

"படிச்சேன்," என்றாள். "அத அப்புறம் பேசலாம்."

உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். டாக்டர் கொடுத்த அந்த நாற்பது நிமிஷத் தாளின் நகலை மடித்துக் கைப்பையில் வைத்தாள். ஆம்புலன்ஸ் நிலையம் பஸ்ஸில் மூன்றாவது நிறுத்தம். "நானும் வரட்டுமா?" என்று கேட்டேன். கேட்டேன் என்றுதான் நினைக்கிறேன். குரல் வெளியே வந்ததா என்று நிச்சயமில்லை. அவள் படியிறங்கினாள். கதவைச் சாத்தாமல் போயிருக்கிறாள். நான் வருவேன் என்று விட்டுவைத்தாளா, அவசரத்தில் மறந்தாளா?

முதலில் போய்க் கதவைச் சாத்திவிட்டு, பிறகு இந்தக் கதையை முடிக்கலாம் என்று எழுந்தேன். கதவுப் பிடியில் கை வைத்துக்கொண்டு நிற்கிறேன். அவள் தெருமுனையைத் தாண்ட இன்னும் ஒரு நிமிஷம்கூட ஆகாது. நீங்களே சொல்லுங்கள், ஆனால் சீக்கிரம் சொல்லுங்கள்.